பிரெட் வர்காஸும் பொய் சொன்ன அகதியும்

(கார்ஜ் லே கொனெஸ் வாசிப்புக் கூடலில் பேசியதன் எழுத்து வடிவம். பேசும்போது விட்டுப்போன திகதிகளைச் சேர்த்திருக்கிறேன். பேச்சுத் தமிழை முழுக்கத் திருத்தவில்லை.)



இந்த முறை ஒரு துப்பறியும் நாவலாசிரியரைப் பற்றிக் கதைக்கப் போறன் எண்டு குழுவில போட்டதும் ஒரு தோழர் எழுதினார்: "அப்ப இந்த மாசம் லீவோ?" விளங்குது. போன மாசம் நாங்கள் நிலச்சீர்திருத்தம் வாசிச்சனாங்கள். இந்த மாசம் பாரிஸ் பொலிஸ் அதிகாரி ஒருத்தர் மழையில நடந்து திரியிற கதை. ஆனால் இந்த எழுத்தாளருடைய வாழ்க்கையில ஒரு அகதி வழக்கு இருக்கு. பதினைந்து வருசம் அவர் அதைச் சுமந்தவர். கடைசியில அந்த அகதி தானே வாய் திறந்து, தான் குற்றவாளி என்று சொல்லிப்போட்டார். எங்கட ஆக்களில பாதிப் பேர் "கேஸ் எழுதி" இந்த நாட்டில இருக்கிற ஆக்கள். எங்களுக்கு அது லீவுக் கதையாக இருக்கேலாது.

பெயரில் இருந்து தொடங்குறன். பிரெட் வர்காஸ் என்பது புனைபெயர். சொந்தப் பெயர் பிரெடெரிக் ஓதுவான் ரூஸோ. 1957இல் பாரிஸில் பிறந்தவர். அப்பா பிலிப் ஓதுவான், சர்ரியலிஸ்டுகளோடு இருந்த எழுத்தாளர். அண்ணன் ஸ்தெபான், முதலாம் உலகப்போர் பற்றி எழுதும் பெயர்பெற்ற வரலாற்றாசிரியர். இரட்டைச் சகோதரி ஒரு ஓவியர். 'வெறுங்கால் சீமாட்டி' என்ற பழைய ஹொலிவூட் படத்தில் ஆவா கார்ட்னர் நடித்த பாத்திரத்தின் பெயர் மரியா வர்காஸ். அந்தப் பெயரை முதலில் எடுத்தவர் ஓவியரான சகோதரி, ஜோ வர்காஸ். பிறகு இவரும் எடுத்துக்கொண்டார். படித்த, வெள்ளை, பாரிஸ் குடும்பம். அதை மறைக்கத் தேவையில்லை.

அவருடைய வேலை எலும்பு. சி.என்.ஆர்.எஸ் என்ற அரச ஆய்வு நிறுவனத்தில் தொல்விலங்கியலாளராக இருந்தவர். அகழ்வில் கிடைக்கும் மாட்டெலும்பு, பன்றியெலும்பு, எலியெலும்பு எல்லாம் பார்த்து அந்த ஊர்ச் சனம் என்ன தின்றது, எப்படி வெட்டியது, எது வீட்டில் இருந்தது, எது வெளியில் இருந்து வந்தது என்று சொல்லுற வேலை. லா ஷாரித்தே சூர் லுவார் என்ற ஊரின் அகழ்வில் கனகாலம் வேலை செய்தார். பிறகு கறுப்பு எலி ஐரோப்பாவுக்குள் எப்படிப் பரவியது என்று இன்னொரு ஆய்வாளரோடு சேர்ந்து எழுதினார். 2003இல் கொள்ளைநோயின் பாதைகள் பற்றி, எலி, தெள்ளு, மனிசர் மூன்றையும் சேர்த்து ஒரு தடித்த புத்தகம் வந்தது.

எலி ஆய்வில் ஒரு விசயம் எனக்கு நல்லாப் பிடிக்கும். எலியின் எலும்பு மிகச் சின்னது. அகழ்ந்த மண்ணை அரிதட்டில் போட்டு அரித்தால்தான் கிடைக்கும். அரிக்காத இடத்தில் எலி இருந்ததாகவே பதிவு இருக்காது. வரைபடத்தில் அந்த ஊர் வெறுமையாகத் தெரியும். எலி இல்லாததாலயா, அரிக்காததாலயா என்று முதல் கேட்க வேணும். இதை மனசில வைச்சுக்கொள்ளுங்கோ, திரும்பி வருவன்.

நாவல் எழுதினது விடுமுறையில். வருசத்துக்கு மூன்று கிழமை லீவில் முதல் வரைவை முடிப்பார், பிறகு மாதக்கணக்காகத் திருத்துவார். முதல் நாவல் 1986இல் வந்தது, கொன்யாக் விழாவில் பரிசும் கிடைத்தது, ஆனால் அது இப்ப ஒருத்தரும் தேடி வாசிக்கிற புத்தகமில்லை. உண்மையான தொடக்கம் 1991. பாரிஸ் நடைபாதைகளில் யாரோ இரவில் நீலச் சோக்கால் வட்டம் போடுறார். வட்டத்துக்குள் ஒரு மூடி, ஒரு கிளிப், ஏதாவது உதவாத சாமான். சனம் சிரிக்குது, பத்திரிகை எழுதுது. பிறகு ஒரு நாள் வட்டத்துக்குள் ஒரு பிணம். அந்த நாவலில்தான் அடம்ஸ்பெர்க் என்ற பொலிஸ் அதிகாரி முதல்முறை வருகிறார். பிரனே மலைப்பக்கத்து ஆள், ஒழுங்காக யோசிக்கத் தெரியாது, நடந்தால்தான் ஏதாவது தோன்றும். அவருக்குப் பக்கத்தில் தாங்லார்: ஐந்து பிள்ளைகளைத் தனிய வளர்க்கிறவர், வெள்ளை வைன் குடிக்கிறவர், உலகத்தில் உள்ள எல்லாம் தெரிந்தவர். வர்காஸ் தன் நாவல்களுக்கு 'ரொம்போல்' என்று தானே ஒரு செல்லப்பெயர் வைத்தார்.

1995இல் வந்த 'துபூ லே மோர்' (இறந்தவர்களே எழும்புங்கள்) எனக்குப் பிடித்தது, ஏனெண்டால் அதில் எங்களைப் போல மூன்று பேர். முப்பதைத் தாண்டிய மூன்று வரலாற்று ஆய்வாளர்கள், வேலை இல்லை, காசு இல்லை, இடிஞ்ச வீடொன்றைச் சேர்ந்து வாடகைக்கு எடுத்து இருக்கினம். ஒருத்தருக்கு மத்தியகாலம், ஒருத்தருக்குக் கற்காலம், ஒருத்தருக்கு முதலாம் உலகப்போர். அந்த மூன்றாவது ஆளை எழுதும்போது அண்ணனை நினைத்துச் சிரித்திருப்பா எண்டுதான் நான் நினைக்கிறன். பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் ஒரே இரவில் ஒரு மரம் முளைத்து நிற்குது. ஒருத்தரும் நட்டதாகத் தெரியேல்ல. இந்த நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு 2006இல் பிரிட்டனின் சர்வதேச டாகர் விருது கிடைத்தது. அதே விருதை 2007, 2009, 2013 என்று திரும்பத் திரும்ப வாங்கினார்.

2001இல் 'பார் வித் எ ரெவியான் தார்' (கெதியாப் போ, பிந்தி வா). கதவுகளில் தலைகீழ் நாலு என்ற எழுத்து, எட்கார் கினே சதுக்கத்தில் செய்தி கூவி விற்கிற ஒரு முன்னாள் மாலுமி, கொள்ளைநோய் திரும்பி வந்துவிட்டது என்ற பயம். எலும்பு ஆய்வும் நாவலும் ஒன்றாகச் சேர்ந்த இடம் அதுதான். கொவிட் காலத்தில் கனபேர் அதைத் திரும்ப எடுத்து வாசித்தவை. இன்னொன்று சொல்ல வேணும்: 2006இல் பறவைக் காய்ச்சல் பயம் வந்தபோது, சனம் வெளியில் போட்டுக்கொண்டு திரியக்கூடிய பிளாஸ்டிக் மேலங்கி ஒன்றை இவரே வடிவமைத்து அதிகாரிகளிடம் கொண்டுபோனார். அப்ப ஆக்கள் சிரிச்சவை.

சின்னக் கதைகளில் ஒன்று மட்டும் சொல்லுறன். வண்டிலில் ஸ்பொஞ்சு விற்கிற, தெருவில் படுக்கிற மனிசன் ஒருத்தர். அவர் கண் முன்னால் ஒரு பணக்காரப் பெண்ணை யாரோ சுடுகினம். அவர்தான் ஒரே சாட்சி. பொலிஸுக்கு ஒன்றும் சொல்ல மாட்டார். தெருவில் தன்னைப் போன்ற ஒருத்தரைச் சுட்டிருந்தால் நீங்கள் இப்பிடி ஓடித் திரிவீங்களோ எண்டதுதான் அவருடைய கோபம். லாச்சப்பலில் இருந்து ஸ்டாலின்கிராட் பக்கம் பாலத்துக்குக் கீழ கூடாரங்கள் இருந்த காலத்தில் நான் இதை வாசிச்சனான். பிறகு அந்தப் பாலத்தைக் கடக்கேக்க ஒவ்வொரு முறையும் அந்த ஸ்பொஞ்சு வண்டில் ஞாபகம் வரும்.

இப்ப வழக்குக்கு வாறன்.

சேசரே பத்தீஸ்தி இத்தாலியர், 1954இல் பிறந்தவர். எழுபதுகளின் இறுதியில் 'கம்யூனிசத்துக்கான ஆயுதமேந்திய பாட்டாளிகள்' என்ற சிறு குழுவில் இருந்தார். அந்தக் குழு நாலு பேரைக் கொன்றது. 1978 யூனில் சிறைக் காவலர் அந்தோனியோ சந்தோரோ. 1979 பெப்ரவரி 16, ஒரே நாளில், நகைக்கடைக்காரர் பியர்லூஜி தொரெஜானியும் இறைச்சிக்கடைக்காரர் லீனோ சப்பாதீனும். அந்த ஏப்ரலில் பொலிஸ்காரர் அந்திரேயா கம்பாஞ்ஞா. கடைக்காரர் இருவரும் முன்பு தங்களைக் கொள்ளையடிக்க வந்தவர்களைச் சுட்டவர்கள் என்பதால் "தண்டனை" கொடுத்தார்களாம். தொரெஜானியின் பதின்ம வயது மகன் அந்தச் சூட்டுச் சண்டையில் காயப்பட்டு இன்றுவரை சக்கர நாற்காலியில் இருக்கிறார். இந்தப் பெயர்களை நான் வேணுமெண்டுதான் வாசிக்கிறன். இந்த வழக்கைப் பற்றி இடதுசாரிகள் எழுதினதில் பாதியில் இந்தப் பெயர்கள் இல்லை.

1981இல் பத்தீஸ்தி சிறையை உடைத்துத் தப்பினார். மெக்சிக்கோ போய், 1990இல் பிரான்சுக்கு வந்தார். இங்கே அவரைக் காப்பாற்றியது ஒரு வாக்குறுதி. 1985இல் மித்தெரான் பகிரங்கமாகச் சொன்னார்: வன்முறையைக் கைவிட்டு இங்கே வாழ்கிற இத்தாலியர்களைத் திருப்பி அனுப்பமாட்டோம் என்று. அது சட்டமில்லை, ஜனாதிபதியின் வாய்ச்சொல். அந்தச் சொல்லை நம்பிப் பல பேர் இங்கே குடும்பம் நடத்தினார்கள். பத்தீஸ்தி பாரிஸில் ஒரு கட்டடத்துக்குக் காவலாளியாக இருந்தார், துப்பறியும் நாவல் எழுதினார். இத்தாலியில் அவர் இல்லாமலே வழக்கு நடந்து ஆயுள்தண்டனை உறுதியானது. 2004 பெப்ரவரி 10 அவரைப் பாரிஸில் கைது செய்தார்கள். யூன் 30 மேல்முறையீட்டு நீதிமன்றம் திருப்பி அனுப்பலாம் என்றது. ஓகஸ்டில் ஆள் மறைந்துபோனார்.

வர்காஸ் இதற்குள் இறங்கியது அந்த வருசம். வேறு எழுத்தாளர்களும் கையெழுத்துப் போட்டார்கள். இவர் கையெழுத்தோடு நிற்கவில்லை. எலும்பைப் பார்த்த கண்ணால் வழக்குக் கோப்பைப் பார்த்தார். 2004இலேயே 'சேசரே பத்தீஸ்தி பற்றிய உண்மை' என்ற புத்தகத்தை வெளியிட்டார். முக்கிய சாட்சி, தண்டனைக் குறைப்புக்காகக் காட்டிக்கொடுத்த பழைய தோழர் என்றார். பத்தீஸ்தி தன் வழக்கறிஞர்களுக்கு எழுதியதாகச் சொல்லப்படும் அதிகாரக் கடிதங்கள், அவர் முன்பே கையெழுத்திட்டுக் கொடுத்த வெறுந்தாளில் பிறகு நிரப்பப்பட்டவை என்று வாதிட்டார். அந்தக் கடிதங்கள் பொய் என்றால், வழக்கு நடப்பதே பத்தீஸ்திக்குத் தெரியாது. தெரியாமல் நடந்த வழக்கில் கிடைத்த தண்டனைக்காக ஒருத்தரை அனுப்பலாமா? நல்ல கேள்வி. ஆனால் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2006 டிசம்பரில் அந்த முறைப்பாட்டை ஏற்கவில்லை. அவருக்கு வழக்குத் தெரியும், வராமல் விட்டது அவருடைய தெரிவு என்றது.

2007இல் பத்தீஸ்தி ரியோவில் பிடிபட்டார். வர்காஸ் பிரேசிலுக்குப் போய்வந்தார், வழக்கறிஞர்களோடு இருந்தார், தன் நேரத்தையும் காசையும் போட்டார். 2010 டிசம்பர் 31, தன் பதவியின் கடைசி நாளில், லூலா திருப்பி அனுப்ப மறுத்தார். அடுத்த யூனில் பத்தீஸ்தி வெளியில் வந்தார். பிறகு பிரேசிலின் காற்று மாறியது. 2018இன் இறுதியில் அவர் பொலிவியாவுக்கு ஓடினார். 2019 ஜனவரியில் பிடித்து இத்தாலிக்கு அனுப்பினார்கள்.

அந்த மார்ச்சில் சிறையில் அரசவழக்குத் தொடுநரிடம் பத்தீஸ்தி சொன்னார்: நாலு கொலைகளுக்கும் நான் பொறுப்பு. குடும்பங்களிடம் மன்னிப்பும் கேட்டார். அடுத்த வருசம் லூலாவும், தஞ்சம் கொடுத்ததற்காக மன்னிப்புக் கேட்டார்.

வர்காஸைப் பார்த்துச் சிரிப்பது இலகு. கொலையாளியைக் கண்டுபிடிக்கிற கதைகளை எழுதி விற்றவருக்குத் தன் பக்கத்தில் இருந்த கொலையாளியைத் தெரியேல்லை என்று வலதுசாரிப் பத்திரிகைகள் நல்லா எழுதின. நான் சிரிக்கேல்லை. எனக்குக் கோபம் வந்தது, அதுவும் வேற காரணத்துக்கு.

முழுப் போராட்டத்தையும் அவர் "இவர் செய்யவில்லை" என்ற ஒரே தூணில் நிறுத்திப்போட்டார். துப்பறியும் நாவலின் பழக்கம் அது என்று நினைக்கிறேன். அந்த வடிவத்தில் கடைசிப் பக்கத்தில் இரண்டு வகை ஆக்கள்தான் மிச்சம்: செய்தவர், செய்யாதவர். 2004 மார்ச்சில் வந்த அவருடைய நாவலைப் பாருங்கோ, 'சூ லே வான் த நெப்த்யூன்'. கைது நடந்து சில கிழமைக்குள் வந்தது, ஆகவே வழக்குக்கு முதலே எழுதி முடித்திருக்க வேணும். அதில் அடம்ஸ்பெர்க்கே கியூபெக்கில் கொலைச் சந்தேகநபர் ஆகிறார். ரெத்தான்கூர் என்ற பெரிய உடம்புக்காரப் பெண் அதிகாரி பொலிஸின் கண்ணுக்கு முன்னால் தன் குளியலங்கிக்குள் அவரை மறைத்துத் தப்ப வைக்கிறார். பாரிஸில் வயசான இரண்டு பெண்கள் அவரை வீட்டில் ஒளித்து வைக்கினம். அகதிக்கு அடைக்கலம் கொடுப்பது பற்றி நான் வாசித்த மிக அழகான பக்கங்கள் சில அதில் இருக்கு. ஆனால் வாசகருக்குத் தெரியும், அடம்ஸ்பெர்க் செய்யவில்லை. அதனால அடைக்கலம் கொடுக்கிறது சுகம். செய்திருந்தால்?

அதைத்தான் எங்கட கேஸ்களில் நான் பார்க்கிறன். இரண்டு வருசமாக ஆக்களுக்குத் தஞ்சக் கதையைப் பிரெஞ்சில் எழுதிக் கொடுக்க உதவி செய்யிறன். உங்களில கனபேரும் செய்யிறீங்கள். நேர்காணல் எப்படி நடக்கும் எண்டு தெரியும். அதிகாரி துப்பறிவாளர். எந்த மாசம் முகாமை விட்டீர், அப்ப ஏன் முதல் தாளில் வேற மாசம்? சித்திரவதை பட்ட ஆளின் ஞாபகம் திகதி வரிசையில் இராது எண்டது அந்த வகை நாவலில் இல்லை. ஆகவே எங்கட ஆக்களும் நாவல் எழுதப் பழகிச்சினம். கதையில் ஆள் எப்பவும் சும்மா இருந்தவர். இயக்கத்துக்குச் சாப்பாடு கொடுத்தவர், கட்டாயத்தில் பங்கர் வெட்டினவர். ஒரு அண்ணை என்னட்டச் சொன்னார்: "தம்பி, நான் செய்ததை எழுதினா என்னை அனுப்பிப்போடுவாங்கள். செய்யாததை எழுதினா பிள்ளையளுக்கு நான் ஆரெண்டு தெரியாமப் போயிடும்." அகதி உடன்படிக்கையின் 1 எஃப் பிரிவு, போர்க்குற்றம் அல்லது பாரதூரமான குற்றம் செய்தவருக்குத் தஞ்சம் இல்லை என்கிறது. அதற்குக் காரணம் இருக்கு, நான் அதை மறுக்கேல்லை. ஆனால் அந்தப் பயத்தில் ஒரு முழுச் சமூகமும் தன் வரலாற்றைப் பொய்யாக வாக்குமூலம் கொடுத்து வைச்சிருக்கு. பிரான்ஸின் அலுமாரிகளில் அந்தப் பொய்கள் கோப்புக் கோப்பாக அடுக்கியிருக்கு.

பத்தீஸ்தியின் வாக்குமூலத்துக்குப் பிறகு மிச்ச இத்தாலியர்களுக்கு என்ன நடந்தது? 2021 ஏப்ரலில் பிரான்ஸ் அவர்களில் பலரைக் கைது செய்தது. கிட்டத்தட்ட எல்லாரும் அறுபது, எழுபது வயதுக்காரர். 2022 யூன் 29, பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் பத்துப் பேரையும் அனுப்ப மறுத்தது. 2023 மார்ச்சில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. காரணத்தைக் கவனியுங்கோ. இவர்கள் நிரபராதிகள் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. நியாயமான விசாரணைக்கான உரிமை, பத்துப் பதினைந்து வருசமில்லை, பல தசாப்தமாக இங்கே கட்டின குடும்ப வாழ்க்கைக்கான உரிமை, இரண்டையும்தான் சொன்னது. வர்காஸின் தூண் விழுந்த பிறகும் கூரை நின்றது. அது வேறு தூண்களில் நின்ற கூரை. பத்தீஸ்திக்காகவும் அந்தத் தூண்களில் வாதாடியிருக்கலாம்: செய்தாரோ இல்லையோ, ஆள் இல்லாமல் நடந்த வழக்கு வழக்கில்லை, அரசு கொடுத்த சொல்லை அரசு முறிக்கக்கூடாது என்று. அப்படி வாதாடுகிற ஆள் செத்த நாலு பேரின் பெயரையும் கூச்சமில்லாமல் சொல்லலாம்.

இந்த இடத்தில்தான் அரிதட்டுக்குத் திரும்பி வாறன்.

1994 மே 1, சபாரத்தினம் சபாலிங்கம் பாரிஸில் அவருடைய வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். புலிகளை விமர்சித்தவர். புலிகள்தான் செய்தார்கள் என்று பரவலாகக் குற்றம் சாட்டப்பட்டது. 1996 ஒக்டோபர் 26, லாச்சப்பலில், புலிகளின் நிதிப் பொறுப்பாளர் நாதனும் 'ஈழமுரசு' ஆசிரியர் கஜனும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2012 நவம்பர் 8, இருபதாம் வட்டாரத்தில் பரிதி. நாதன், கஜன், பரிதிக்கு ஒரு மண்டபத்தில் விளக்கேற்றுகினம். சபாலிங்கத்துக்கு வேறொரு சின்ன அறையில் கூடுகினம். இந்த நாலு பெயரையும் ஒரே மூச்சில் சொல்லுற கூட்டம் ஒன்றுக்கு நான் இன்னும் போகேல்லை. எல்லா வீட்டிலயும் கொலையாளி யாரெண்டு ஒரு பதில் இருக்கு. கேட்காமலே வந்த பதில். ஒரு பக்கத்து மண்ணை மட்டும் அரிச்சால் ஒரு பக்கத்து எலும்பு மட்டும்தான் கிடைக்கும்.

நான் இதைச் சொல்ல, அப்பா வயசுத் தோழர் ஒருத்தர் தலையை ஆட்டுறது தெரியுது. உங்களுக்குக் கோபம் எண்டால் கேள்வி நேரத்தில கேளுங்கோ. பயம் எண்டால், அதையும் சொல்லுங்கோ.

வர்காஸ் பிறகும் எழுதினார். 2015இல், இருபது வருசத்துக்கு மேல் தன்னோடு இருந்த விவியான் ஆமி பதிப்பகத்தை விட்டு ஃப்ளமாரியோனுக்குப் போனார். 2018இல் ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் இளவரசி இலக்கிய விருது. 2019இல் காலநிலை பற்றி 'ஆபத்தில் மனிதகுலம்' என்று ஒரு கோபமான புத்தகம். அதுவும் கோப்புக் கோப்பாகத் தரவு சேர்த்து எழுதினதுதான். 2023இல் வந்த கடைசி அடம்ஸ்பெர்க் பிரெத்தானில் நடக்குது, எனக்கு அது கொஞ்சம் களைச்சுப்போன நாவலாகத் தெரிஞ்சுது. தொண்ணூறுகளின் வர்காஸைத்தான் நான் ஆக்களுக்குக் கொடுப்பன்.

அடுத்த கூடலுக்கு 'சூ லே வான் த நெப்த்யூன்' வாசிச்சுக்கொண்டு வாங்கோ. சின்னப் பதிப்பு என்னட்ட இரண்டு இருக்கு, கேட்டால் தாறன். அடம்ஸ்பெர்க் கொலை செய்திருந்தாலும் அந்த இரண்டு கிழவிகளும் கதவைத் திறந்திருப்பினமா எண்டு யோசிச்சுக்கொண்டு வாங்கோ. என்னட்டப் பதில் இல்லை. அந்த அண்ணையின் கேஸ் வாற மாசம் மேல்முறையீட்டுக்குப் போகுது, அதுக்கு முதல் எனக்கு ஒரு பதில் வேணும்.